கிணற்று மேட்டில் இருந்து கடலைப் படிக்க: மிதவை உயிரிகளுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

சேலத்துக்காரர் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டும். நாலைந்து மணி நேரம் ஆகும். போய்க் கரையில் நின்றாலும் நான் சொல்லப்போகிற உயிர்கள் கண்ணில் படாது. பெரும்பாலானவை கடுகை விடச் சிறியவை. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தத் தெம்பில்லாமல் அது இழுத்த பக்கம் போகிறவை. பாசியைத் தின்பது, ஒன்றை ஒன்று தின்பது, கடைசியில் மத்தி மீனில் தொடங்கித் திமிங்கிலம் வரை யாருக்காவது இரையாவது என்று இவற்றின் பிழைப்பு ஓடுகிறது. பாடப்புத்தகம் இவற்றை விலங்கு மிதவை உயிரிகள் என்கிறது. மீன் வளர்ப்பவர்கள் பிளாங்டன் என்று முடித்துவிடுவார்கள்.

இவற்றில் யார் யாரைத் தின்கிறார்கள் என்ற உணவு வலை ஆழத்துக்கு ஆழம், பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. அதைக் கடலில் போய்ப் பார்க்கக் கப்பல் வேண்டும். ஆனால் பார்க்கும் முறையைப் பழக ஒரு தோட்டத்துக் கிணறும், ஏற்காடு ஏரியும் போதும். கடல் உயிர்கள் வேறு, நன்னீர் உயிர்கள் வேறு. அம்புப் புழுவும் கிரில் இறாலும் கிணற்றில் கிடைக்காது. வெளிச்சம், பசி, பயம், மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் கலப்பது ஆகிய நாலும்தான் இரண்டு இடத்திலும் ஆட்டிவைக்கின்றன.

வலை

பிளாங்டன் வலை என்று பெயர் போட்டு விற்பது விலை அதிகம். எனக்குக் கைகொடுத்தது கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்க்ரீன் பிரிண்டிங்காரர்கள் சட்டத்தில் இழுத்துக் கட்டுகிற பாலியஸ்டர் மெஷ். சென்டிமீட்டருக்கு 77 இழை உள்ள துணியில் கண் சுமார் 80 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். 120 இழைத் துணியில் கண் இன்னும் சிறிது, 50 மைக்ரானை ஒட்டி இருக்கும். முதல் வலைக்கு 77 போதும். நெருக்கமான துணி வாங்கினால் சிறுசுகளும் நிற்கும்தான், ஆனால் பாசி அடைத்து நாலு இழுப்பில் வலை சட்டி மாதிரி ஆகிவிடும். தண்ணீர் உள்ளே போகாமல் வாயிலேயே வழிந்து ஓடும்.

20 செ.மீ. எம்பிராய்டரி வளையம் ஒன்றில் காடாத் துணிப் பட்டை வைத்து மெஷ்ஷைக் கூம்பாகத் தையுங்கள். கூம்பின் நீளம் வாயின் விட்டத்தைப் போல மூன்று மடங்கு இருக்கட்டும். நுனியில் ஒரு மருந்து பாட்டிலைக் கழுத்தோடு கட்டுங்கள். வளையத்தில் மூன்று கயிறு, பாட்டிலுக்குக் கீழே ஓர் ஈயக்குண்டு, அவ்வளவுதான் வலை.

எந்தக் கண் அளவில் வலை போட்டீர்கள் என்பதை மறக்காமல் குறித்துவையுங்கள். 1960-களின் முதல் பாதியில் பல நாட்டுக் கப்பல்கள் சேர்ந்து இந்தியப் பெருங்கடலை ஆராய்ந்தபோது, ஆளுக்கொரு வலை போட்டால் கணக்கு ஒத்துவராது என்று ஒரே அளவிலான வலையை வைத்து, 200 மீட்டர் ஆழத்தில் இருந்து மேலே இழுத்தார்கள். பிடித்ததைப் பிரித்து வகைப்படுத்தக் கொச்சியில் தனி மையமே வைத்தார்கள். நம்முடையது எம்பிராய்டரி வளையமாக இருந்தாலும் நியாயம் அதேதான்.

கயிறும் கணக்கும்

நைலான் கயிறு எடுத்து, நனைத்து, நன்றாக இழுத்துவிட்ட பிறகு அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். காய்ந்த கயிற்றில் போட்ட முடிச்சு தண்ணீரில் பொய் சொல்லும். 20 செ.மீ. வாய் கொண்ட வலையை ஒரு மீட்டர் செங்குத்தாக இழுத்தால் சுமார் 31 லிட்டர் தண்ணீர் வடிகட்டப்படும். நாலு மீட்டருக்கு 125 லிட்டர். விநாடிக்கு அரை மீட்டர் வேகம் போதும். வெடுக்கென்று இழுத்தால் வலைக்கு முன்னால் தண்ணீர் அலையாகத் தள்ளி, இறாலுக்குத் தூரத்து உறவான துடுப்புக்காலிகள் என்ற சிறு உயிர்கள் தப்பித்துவிடும்.

எந்த ஆழத்தில் எவ்வளவு என்று அறியக் கழித்தல் போதும். ஒரு மீட்டரில் இருந்து இழுத்ததில் 60 உயிர், நாலு மீட்டரில் இருந்து இழுத்ததில் 400 என்று வைத்துக்கொள்வோம். மேல் மீட்டரில் 60. கீழ் மூன்று மீட்டரில் 340. அதாவது மேலே லிட்டருக்கு இரண்டு, கீழே லிட்டருக்குக் கிட்டத்தட்ட நாலு. கடல் ஆராய்ச்சிக் கப்பலில் இந்தக் கழித்தல் தேவைப்படாது. சொன்ன ஆழத்தில் திறந்து, சொன்ன ஆழத்தில் மூடிக்கொள்ளும் அடுக்கு வலைகள் வைத்திருக்கிறார்கள்.

நமக்கு அதன் ஏழை வீட்டுச் சொந்தம் ஒன்று உண்டு. கனமான கண்ணாடி பாட்டிலில் கல்லைக் கட்டி, ரப்பர் மூடியை லேசாக அழுத்தி, மூடிக்கு ஒரு தனி நூல். வேண்டிய முடிச்சு வரை இறக்கி நூலைச் சுண்டினால் மூடி கழன்று அந்த ஆழத்துத் தண்ணீர் நிறையும். குமிழி வருவது நின்றதும் தூக்கி வலையில் வடிகட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒரு லிட்டர்தான் கிடைக்கும். பத்துத் தடவை இறக்கக் கை வலிக்கும்.

வெளிச்சம் எவ்வளவு ஆழம் போகிறது என்பதையும் அளக்க வேண்டும். 20 செ.மீ. தட்டை நாலு கூறாக்கிக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பெயின்ட் அடித்து, சமமாகத் தொங்கவிட்டு இறக்குங்கள். கண்ணில் இருந்து மறையும் ஆழத்தைக் குறியுங்கள். 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் மத்தியதரைக் கடலில் தட்டுகளை இறக்கிப் பார்த்தார்; இன்றும் அவர் பெயரால்தான் செக்கி தட்டு என்கிறோம். மறையும் ஆழத்தைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு வரை பாசி வளரப் போதுமான வெளிச்சம் உண்டு. மீன் பண்ணைக்காரர்களிடம் தட்டுகூட இல்லை. கையை முழங்கை வரை விட்டுப் பார்ப்பார்கள். உள்ளங்கை மங்கி மறைந்தால் தண்ணீரில் மீனுக்குத் தீனி இருக்கிறது என்று அர்த்தம்.

எந்த நேரம் என்பது

இதில்தான் நான் ஒரு வருஷம் ஏமாந்தேன். ஏற்காடு அடிவாரத்தில் தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்துக் கிணறு. நாலு பக்கமும் கல் கட்டி, ஒரு மூலையில் படி இறங்குகிற சதுரக் கிணறு. கொசுவுக்காக ஜிலேபி மீன் விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால், பதினொரு மணி வாக்கில் போவேன். மேல்தண்ணீரை இழுப்பேன். ரோட்டிஃபர் என்ற மிகச் சிறிய உயிர்கள் கிடைக்கும், துடுப்புக்காலிக் குஞ்சுகள் கிடைக்கும், தெள்ளுப்பூச்சி போலத் துள்ளி நீந்தும் நீர்த்தெள்ளு (டாஃப்னியா) ஒன்றுகூட வராது. 'இந்தக் கிணற்றில் நீர்த்தெள்ளு இல்லை' என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன்.

தோட்டத்துக்காரர்தான் ஒருநாள் கேட்டார். "ஏனுங்க, தண்ணிய வலையில புடிச்சா நிக்குமாங்க?" நான் பாட்டிலைக் காட்டினேன். அவர் வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ராத்திரி மோட்டார் போட வரப்ப டார்ச் அடிச்சா இதவிட பெருசு பெருசா துள்ளுதுங்க" என்றார். அன்று இரவு எட்டு மணிக்குப் போனோம். அதே வலை, அதே ஒரு மீட்டர். பாட்டில் அடியில் ரவை கொட்டினது போல நீர்த்தெள்ளுகள் குதித்துக்கொண்டிருந்தன. பகலில் அவை கிணற்றை விட்டு எங்கும் போகவில்லை. ஆறு மீட்டர் கீழே, இருட்டில் இருந்திருக்கின்றன.

நான் ஞாயிற்றுக்கிழமைகளை வீணாக்கி அறிந்ததை 1817-லேயே குவியே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் நன்னீர்க் குட்டையில் கவனித்து எழுதியிருக்கிறார். கடலிலும் இது நடக்கிறது என்பது தெரியவந்த விதம் இன்னும் வேடிக்கையானது. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேட ஒலி அனுப்பிப் பார்த்த அமெரிக்கர்களுக்கு, 1942-இல் கலிபோர்னியா கடலில் முன்னூறு நானூறு மீட்டரில் ஒரு போலித் தரை தெரிந்தது. பொழுது சாய்ந்ததும் அந்தத் தரை மேலே எழும்பி வந்தது! அது உயிர்களின் கூட்டம். சில மில்லிமீட்டர் உடம்பை வைத்துக்கொண்டு சில துடுப்புக்காலிகள் இரவுக்கு இரவு நூற்றுக்கணக்கான மீட்டர் ஏறி இறங்குகின்றன. கிரில்களும், உடம்பில் ஒளிப்புள்ளிகள் கொண்ட விளக்கு மீன்களும் அவற்றோடு போகின்றன.

காரணம் பெரிதும் பயம்தான். தீனி மேலே, வெளிச்சத்தில் இருக்கிறது. ஆனால் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீனும் அங்கேதான் இருக்கிறது. அதனால் இருட்டில் ஏறி மேய்ந்து, விடிவதற்குள் இறங்கிவிடுகின்றன. நீர்த்தெள்ளுகள் மீனின் வாசனை கலந்த தண்ணீரை உணர்ந்தே ஆழத்துக்குப் போகும் என்று சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். மீன் இல்லாத கிணறு பக்கத்தில் இருந்தால் அங்கேயும் இதே வேலையைச் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆகவே பகல் பன்னிரண்டு, பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம், விடிவதற்கு முன் என மூன்று நேரமாவது எடுங்கள். இரவில் டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றுங்கள். வெறும் வெளிச்சமே அவற்றை இடம் மாற்றிவிடும். தனியாகப் போகாதீர்கள்; கிணற்றுக் கட்டுக்குள் இறங்காமல் மேலிருந்தே இறக்குங்கள்; பாம்பு உண்டு. ஏற்காடு ஏரியில் பகலில், படகுத்துறையில் கேட்டுக்கொண்டு மட்டும். இரவு வேலைக்குக் கிணறுதான் சரி.

இன்னொரு சிறு விஷயம், ஆனால் என் நாலு மாத உழைப்பைத் தின்றது. சீட்டைப் பேனாவால் எழுதிப் பாட்டிலுக்கு வெளியே ஒட்டினால் ஈரத்தில் அழிந்துவிடும். பென்சிலால் எழுதிப் பாட்டிலுக்குள்ளேயே போடுங்கள். தேதி, மணி, ஆழம், வலைக் கண். இந்த நாலும் இல்லாத பாட்டிலைக் கீழே கொட்டிவிடுவதே மேல்.

கண்ணாடிக்குக் கீழே

பள்ளிக்கூட மைக்ராஸ்கோப் போதும், 40 மடங்கும் 100 மடங்கும். மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய காகித மைக்ராஸ்கோப்பான ஃபோல்ட்ஸ்கோப் கிடைத்தால் தோட்டத்திலேயே பார்த்துவிடலாம். உயிர்கள் ஓடிக்கொண்டே இருந்தால் சில சொட்டு சோடா விடுங்கள், கோலி சோடாவானாலும் சரி, அந்தக் காற்றில் மயங்கி நிற்கும். பன்னீர் சோடா வேண்டாம், சர்க்கரைப் பிசுபிசுப்பு.

நீர்த்தெள்ளு கண்ணாடி ஜாக்கெட் போட்ட மாதிரி இருக்கும். உள்ளே இதயம் துடிப்பதும், குடலில் தின்ற பாசி பச்சைக் கோடாகத் தெரிவதும், முதுகுப் பையில் குஞ்சுகள் அசைவதும் தெளிவாகத் தெரியும். குடலின் நிறத்தைக் கட்டாயம் எழுதுங்கள். இரவு பத்து மணிக்குப் பச்சை, மதியம் ஆழத்தில் பிடித்ததில் வெளிறிய பழுப்பு என்றால், எங்கே எப்போது சாப்பிடுகிறது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. உணவு வலையைப் படிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

துடுப்புக்காலி கண்ணீர்த்துளி வடிவம். நெற்றியில் ஒற்றைக் கண். பெண்ணுக்கு வால் பக்கம் முட்டைப் பை தொங்கும். உணர்கொம்பு உடம்பளவு நீளமானால் பெரும்பாலும் பாசி மேய்வது. கொம்பு குட்டையாக, முட்டைப் பை இரண்டாக இருந்தால் சைக்ளாப்ஸ் வகை. அதில் வளர்ந்தவற்றில் பல ரோட்டிஃபரையும் மற்றவற்றின் குஞ்சுகளையும் பிடித்துத் தின்னும். சைக்ளாப்ஸை நம் பாட்டிமார் பெயர் தெரியாமலே அறிந்திருந்தார்கள். ஒட்டுண்ணிப் புழுவின் குஞ்சைச் சுமந்த சைக்ளாப்ஸைப் படிக்கிணற்றுத் தண்ணீரோடு விழுங்கியதால் வந்ததுதான், தோலைத் துளைத்து நூல் போன்ற புழு வெளியே வரும் நரம்புச் சிலந்தி நோய். துணியில் வடிகட்டிக் குடித்தாலே தடுத்துவிடலாம். 2000-ஆம் ஆண்டில் அந்த நோய் இந்தியாவில் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. வேட்டித் துணியும் ஒரு பிளாங்டன் வலைதான்.

ரோட்டிஃபர் மிகச் சிறியது, வாயருகே இரண்டு சக்கரம் சுழல்வது போலத் தெரியும். இது தவிர இரவில் ஒரு சென்டிமீட்டர் நீளக் கண்ணாடிப் புழு ஒன்று வலையில் வரலாம். கொசுவுக்கு உறவான ஒரு பூச்சியின் புழு அது. பகலில் அடிச்சேற்றில் புதைந்திருந்து, இரவில் ஏறி நீர்த்தெள்ளுகளைப் பிடிக்கும். கடலில் இந்த வேலையை அம்புப் புழு செய்கிறது. அது முழுக்க மாமிசம் தின்பது, துடுப்புக்காலிகள்தான் முக்கிய இரை.

வலையை வரைவது

பாசியில் தொடங்கி மீனில் முடியும் ஒற்றைக் கோடு போடாதீர்கள். ஒரே தாளில் மேல், நடு, அடி என்று மூன்று பட்டை போட்டு, பகலுக்கு ஒரு படம், இரவுக்கு ஒரு படம் வரையுங்கள். மீன் வளர்ப்பவர்களுக்கு இந்தப் பட்டைகள் பழக்கமானவை. கட்லா மேலே மிதவை உயிரிகளை வடிகட்டும், ரோகு நடுவில் மேயும், மிர்கால் அடியில் கிளறும் என்று கணக்குப் போட்டுத்தான் மூன்றையும் ஒரே குளத்தில் விடுகிறார்கள்.

கடலில் மேல் 200 மீட்டருக்குக் கீழே ஒளிச்சேர்க்கைக்கு வெளிச்சம் இல்லை. அங்கே இருப்பவர்களுக்கு மேலிருந்து விழுவதுதான் சோறு. துடுப்புக்காலிகளின் எச்சம், செத்த உடல்கள், கோழை ஒட்டிய துணுக்குகள் எல்லாம் பனி போலக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. விழும் வழியிலேயே பாக்டீரியாவும் பிற உயிர்களும் தின்றுவிடுவதால் ஆயிரம் மீட்டருக்குக் கீழே போய்ச்சேருவது கொஞ்சம்தான். அதனால் ஆழம் போகப்போகக் கூட்டம் குறைந்து, பொறுக்கித் தின்பவையும் பிறரைத் தின்பவையும் மிஞ்சும். இரவில் மேய்ந்து பகலில் இறங்குகிற கூட்டம் வயிற்றிலேயே தீனியைச் சுமந்து கீழே கொண்டுபோய்க் கழிக்கிறது. உங்கள் படத்தில் இந்த இறங்கும் அம்பு இல்லாவிட்டால் அடிப் பட்டை பட்டினியாகத்தான் தெரியும்.

அடித்தண்ணீர் பாட்டிலைத் திறந்ததும் முகர்ந்தும் பாருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் அங்கே ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. அரபிக்கடலில் ஏறத்தாழ 150 மீட்டரில் இருந்து ஆயிரம் மீட்டர் வரை ஆக்சிஜன் மிகக் குறைந்த பெரும் பட்டை ஒன்று இருக்கிறது. பல உயிர்கள் அதன் மேல் விளிம்போடு நின்றுவிடும். சில துடுப்புக்காலிகளும் விளக்கு மீன்களும் அதற்குள்ளேயே பகலைக் கழிக்கின்றன. துரத்தி வருகிறவர்கள் அங்கே குறைவு.

பருவம்

மாதம் ஒரு முறை, அதே இடம், அதே மணி. ஒரு வருஷம் செய்யாமல் பருவத்தைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். நம் பக்கத்தில் கவனிக்க வேண்டிய திருப்பங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மார்கழி, தையில் ஏற்காட்டுக் குளிரில் ஏரியின் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும். அடியில் தேங்கிய உரச்சத்து மேலே வரும். மாசிக்குப் பிறகு வெயில் ஏறினால் மேலே சூடான தண்ணீர் மூடி போட்டதுபோல நிற்கும், கலப்பது குறையும். கோடையில் நீர்மட்டம் இறங்கி, பச்சைப் பெயின்ட் கொட்டியது போலக் கட்டிப் பாசி படர்ந்தால் நீர்த்தெள்ளுகளுக்குத் திண்டாட்டம். அந்தக் கட்டிகள் வாய்க்குப் பெரியவை, வடிகட்டும் கால்களையும் அடைக்கும். அப்போது சிறுசுகளின் ராஜ்ஜியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் கரைந்து வந்து தட்டு ஒரு சாணுக்குள் மறைந்துவிடும். நிரம்பி வழிகிற ஏரித் தண்ணீரோடு மிதப்பதில் ஒரு பகுதியும் கிளியூர் அருவிப் பக்கம் போய்விடும்.

இதே குளிர்க் கலக்கம் அரபிக்கடலின் வடபகுதியில் தை, மாசியில் நடக்கிறது. வடக்கில் இருந்து வரும் வறண்ட குளிர்காற்று மேல்தண்ணீரைக் குளிர்வித்து இறக்குகிறது. ஆனி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று ஓமான், சோமாலியா பக்கத்திலும் கேரளக் கரையோரத்திலும் ஆழத்து நீரை மேலே கொண்டுவருகிறது. பாசி பெருகுகிறது, மத்தி கொழுக்கிறது. நடுவில் பங்குனி, சித்திரையில் கடல் சலனமில்லாமல் கிடக்கும், பாசி வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் மேல்மட்டத்தில் விலங்கு மிதவை உயிரிகள் அதே அளவுக்குக் குறைவதில்லை! இதை அரபிக்கடல் புதிர் என்றே ஆராய்ச்சியாளர்கள் அழைத்தார்கள். பெரிய பாசி இல்லாத நாளில் பாக்டீரியாவையும் மிகச் சிறிய பாசியையும் ஒருசெல் உயிர்கள் தின்று, அவற்றைத் துடுப்புக்காலிகள் தின்கின்றன என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். வலையில் சாப்பிடுகிறவர் அதேதான், பரிமாறுகிறவர் மாறிவிட்டார். வங்காள விரிகுடா வேறு கதை. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி கொட்டும் நன்னீர் குழம்பின் மேல் எண்ணெய் மிதப்பது போல மேலே நின்று அடித்தண்ணீரோடு கலப்பதைத் தடுக்கிறது. அரபிக்கடல் அளவுக்கு அங்கே விளைச்சல் இல்லை.

பருவம் மோசமாகும்போது மறைந்துகொள்வதும் ஒரு வழி. வட அட்லாண்டிக்கின் காலானஸ் என்ற துடுப்புக்காலி வசந்தத்தில் மேலே மேய்ந்து உடம்பில் எண்ணெய் சேர்த்துக்கொண்டு, ஐந்நூறு மீட்டருக்கும் கீழே போய் மாதக்கணக்கில் சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கும். அடுத்த வசந்தத்தில் ஏறி வந்து முட்டையிடும். நம் நீர்த்தெள்ளுகள் சேணம் போன்ற கறுத்த உறைக்குள் முட்டை வைத்துச் சேற்றில் விட்டுவிட்டுச் செத்துப்போகின்றன.

இதைச் சோதித்துப் பார்க்க வலைகூட வேண்டாம். சித்திரையில் மூக்கனேரிக் கரையோரம் வெடித்துக் காய்ந்த சேற்றில் மேலாக இரண்டு கைப்பிடி சுரண்டி எடுங்கள். வாய் அகன்ற ஊறுகாய் பாட்டிலில் போட்டு, ஒருநாள் வைத்திருந்த தண்ணீர் ஊற்றி, நேர் வெயில் படாத ஜன்னலில் வையுங்கள். குளோரின் வாடை வரும் குழாய்த் தண்ணீர் கூடாது; மழைத் தண்ணீரானால் நல்லது. ஒரு வாரம், பத்து நாள் போல, தினமும் காலையில் பாட்டிலுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி ஒன்று தத்தித் தத்தி ஏறினால் அன்றைய தேதியைச் சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள், பென்சிலால்.